வாணலித் தீவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணி

புனித வாரத்தில் வாணலித் தீவுக்குப் போய் மீன் பொரித்துத் தின்பது குற்றம் என்று அறுபத்தாறு வயது வரை ஃபெர்மின் அரானாவுக்குத் தெரியாமல் போனதற்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. அரசாங்கம் முறைப்படி அறிவிப்பு ஒட்டியிருந்தது. டான்கிரிகா நகரத்தில், பயணியர் மகிழ்ச்சி மேம்பாட்டு அலுவலகத்தில், கதவுக்குப் பின்பக்கம். கதவைச் சாத்தினால்தான் அது கண்ணுக்குப் படும். அலுவல் நேரத்தில் கதவைச் சாத்தக் கூடாது என்று முன்பக்கம் இன்னோர் அறிவிப்பு இருந்தது.

படகோட்டி உரிமத்தைப் புதுப்பிக்கப் போன ஃபெர்மின் அங்கே பெஞ்சில் இரண்டரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தபோது காற்று அடித்துக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அப்படித்தான் சட்டம் அவர் கண்ணில் பட்டது.

முப்பத்தெட்டு வருடமாக அவரும் மனைவி ஹிலாரியாவும் பெரிய வியாழன் காலையில் தங்கள் ஊரான சீகிரேப் முனையிலிருந்து படகு எடுத்து, முக்கால் மணி நேரத்தில் அந்தத் தீவில் இறங்கி, தார்ப்பாய் கட்டி, ஈஸ்டர் முடிந்து திரும்புகிறவர்கள். ஊரே அப்படித்தான். இந்த வருடம் ஹிலாரியாவின் முழங்கால் மோசமாகிவிட்டது. போன மாதமே சொல்லிவிட்டாள்.

"இந்த ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போயிருய்யா. அடுத்த வருஷம் இந்தக் காலு படகுல ஏறுமோ என்னவோ. உங்கிட்ட நான் கேக்குறது இது ஒண்ணுதான்."

கேட்பது அது ஒன்றுதான் என்பது உண்மையில்லை. கூரைத் தகரம், இரண்டாவது அடுப்பு, பல் டாக்டர் என்று பட்டியல் உண்டு. ஆனால் வாக்குக் கொடுத்தது இதற்கு மட்டும்தான்.

ஃபெர்மின் எழுந்து அதிகாரி கார்லைல் ஸ்லஷரின் மேஜைக்குப் போனார்.

"சார், தீவுல 'பயணியர் மட்டும்'னு போட்டிருக்கு."

"ஆமா."

"நாங்களும் பயணம் பண்ணித்தானே போறோம்? முக்கா மணி நேரம்."

"விதி நாலு, உட்பிரிவு ஆ. பயணி என்பவர் வெளிநாட்டிலிருந்து வருபவர். நீங்க உள்நாட்டுல இருந்தே வர்றீங்க."

"அப்போ நாங்க யாரு சார்?"

ஸ்லஷர் வழவழப்பான ஒரு புத்தகத்தை எடுத்து ஏழாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். 'எங்கள் நாட்டில் காணத்தக்கவை' என்று தலைப்பு. பவளத் திட்டு, மழைக்காடு, பெலிக்கன் பறவை, ஊளைக் குரங்கு, நட்பான உள்ளூர் மக்கள், உடும்பு.

"அஞ்சாவதா இருக்கீங்க பாருங்க. புத்தகம் எழுதிக் குடுத்த ஆலோசகர் உங்களை உடும்புக்குக் கீழதான் போட்டிருந்தாரு. மேல கொண்டு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"ரொம்ப நன்றி சார்."

"இப்போ பிரச்சினை என்னன்னா, நீங்க காணத்தக்கது. காணத்தக்கது ஒண்ணு காணத்தக்கது இன்னொண்ணைப் போய்க் காண முடியாது. கண்டா, காண வந்தவங்க எதைக் காண்றது?"

"பெலிக்கன் தினமும் அந்தத் தீவுக்குப் போகுதே?"

"பெலிக்கனுக்குப் படிவம் கிடையாது. அதனால மறுக்க வழியில்ல." ஸ்லஷரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஊருக்குத் திரும்பி ஃபெர்மின் விஷயத்தைச் சொன்னபோது ஹிலாரியாவின் அண்ணன் தியோஃபிலோ லம்பே சிரித்தே விட்டான்.

"எப்பவும் போல போயிட்டு வருவோம் மச்சான். யாரு வந்து பாக்கப் போறா?"

ஃபெர்மின் ஒத்துக்கொள்ளவில்லை. பிடிபட்டால் உரிமம் போய்விடும் என்பது ஒரு காரணம். சொன்னது தியோஃபிலோ என்பது இன்னொரு காரணம். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய புயலில் தியோஃபிலோ ஒரு நங்கூரத்தை இரவல் வாங்கினான். திரும்பக் கொடுத்தபோது அது சிறியதாக இருந்தது. கடல் அரித்துவிட்டது என்றான். அன்றிலிருந்து தியோஃபிலோ கிழக்கு என்றால் ஃபெர்மின் மேற்கு.

ஆகவே அடுத்த வாரம் மறுபடியும் அலுவலகத்துக்குப் போனார். ஸ்லஷர் ஒரு பேரேட்டை விரித்து வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலாண்டுக்கு வர வேண்டிய வெளிநாட்டுப் பயணிகளில் இரண்டு பேர் குறைந்தார்கள். பெல்மோபானில் இருக்கும் மேலிடம், குறைந்தவர்களை நேரில் அழைத்து வந்து விளக்கம் தரும்படி கேட்டிருந்தது.

ஸ்லஷர் நிமிர்ந்து ஃபெர்மினைப் பார்த்தார். பார்வை மாறியது.

"உங்களுக்கு வெளிநாட்டுல சொந்தக்காரங்க யாராவது?"

"லிவிங்ஸ்டன்ல என் வீட்டுக்காரியோட சித்தி மக இருக்கா. குவாத்தமாலா பக்கம்."

"சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போய் அங்க மூணு நாள் தங்குங்க. திரும்பி வந்து படிவம் பதினொண்ணுல, வெளிநாட்டு முகவரிங்கிற இடத்துல அந்த அம்மா வீட்டை எழுதுங்க."

"பொய் எழுதச் சொல்றீங்களா சார்?"

"மூணு நாள் தங்கினது நிஜமா இல்லையா?"

"நிஜம்தான்."

"அந்த வீடு அங்க இருக்கிறது?"

"அதுவும் நிஜம்தான்."

"ரெண்டு நிஜத்தைப் பக்கத்துல பக்கத்துல எழுதினா அது எப்படிங்க பொய்யாகும்?"

இப்படியாகத்தான் ஃபெர்மின் அரானா தன் சொந்த நாட்டுக்கு முதல் முறையாக வந்து சேர்ந்தார். லிவிங்ஸ்டனில் மூன்று நாள் சித்தி மகள் வீட்டுத் தரையில் படுத்து, ஹிலாரியா முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து, கடல் கொந்தளிப்பில் இரண்டு பேரும் நனைந்து திரும்பியபோது ஸ்லஷர் வாசலுக்கே வந்து நின்றார். கையில் உறிஞ்சு குழல் போட்ட இளநீர் இரண்டு. போன வாரம் பெஞ்சைக் காட்டிய அதே மனிதர், இப்போது காது கேளாதவரிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"எங்கள். நாட்டுக்கு. நல்வரவு. பயணம். சுகமா?"

"சார், நான்தான் சார். ஃபெர்மின்."

"எங்கள் மொழியை எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள்," என்றார் ஸ்லஷர்.

கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு பச்சை அட்டையும் விளிம்பு வைத்த துணித் தொப்பியும் கொடுத்தார். மூன்று நாளைக்குச் செல்லும். 'ஒரு காடு, ஒரு கடல்' திட்டம். காட்டைப் பார்க்காதவருக்குக் கடல் கிடையாது.

வியாழக்கிழமை காலை காடு. பெல்மோபானிலிருந்து வந்த வழிகாட்டி ஒருவன் அவர்களை நடத்திக்கொண்டு போனான். பாதை சீகிரேப் முனைக்குப் பின்னால் நுழைந்து, ஃபெர்மினின் சமையல்கட்டு வழியாக ஏறியது. ஒரு கொல்லையில் நிறுத்தி வழிகாட்டி கையை விரித்தான்.

"இந்தச் செடிக்குப் பேரு மரவள்ளி. பழங்குடிங்க இதோட கிழங்கைத் துருவி, பிழிஞ்சு ரொட்டி சுடுவாங்க. எப்படி இங்க வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது."

"நவம்பர்ல நான் நட்டது," என்றாள் ஹிலாரியா.

வழிகாட்டி பரிவோடு சிரித்தான். "இங்க வர்ற எல்லாருக்குமே அப்படி ஒரு ஒட்டுதல் வந்துரும்மா."

மேலே மரத்தில் ஊளைக் குரங்கு ஒன்று கத்தியது. வழிகாட்டி பயந்துபோய் ஃபெர்மினின் கையைப் பிடித்துக்கொண்டான். காட்டுப் பகுதி அத்துடன் நிறைவுற்றது.

வெள்ளிக்கிழமை கடல். உரிமம் பெற்ற படகோட்டியுடன்தான் பயணி தீவுக்குப் போகலாம் என்பது விதி. சீகிரேப் முனையில் உரிமம் பெற்ற படகோட்டி ஒருவர்தான். ஃபெர்மின் ஃபெர்மினை வாடகைக்கு அமர்த்தினார். படிவத்தில் இரண்டு கையெழுத்து. பயணியாக வலது கையால் போட்டார், படகோட்டியாக இடது கையால். 'இருவருக்கும் முன்பகை ஏதும் இல்லை என உறுதி கூறுகிறோம்' என்ற வரி வந்தபோது பேனா நின்றது. அவருக்கு ஊரில் அநேகமாக எல்லோரோடும் முன்பகை உண்டு. தன்னோடு உண்டா என்று அதுவரை யோசித்ததில்லை.

"போட்டுத் தொலைய்யா, வெயில் ஏறுது," என்றாள் ஹிலாரியா.

பிறகு பாதுகாப்பு விதிகளைப் படகோட்டி பயணிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தார். ஹிலாரியா காலைப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தபடி, "கேட்டுக்கிட்டியா? ஒழுங்கா உக்காரு," என்று அவருக்கே சொன்னாள்.

தீவில் காவலர் ஒருவர் மீன்பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று முன்னமே வந்து மணலில் கிடந்தது. வயதானவர்கள். இரண்டு பேரும் சிங்கி இறால் நிறத்தில் வெந்திருந்தார்கள். காவலர் பச்சை அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்.

"நீரில் இறங்கினாரா, ஆம் இல்லைன்னு ஒரு கட்டம் இருக்கு. மதியத்துக்குள்ள நிரப்பணும்."

ஃபெர்மின் ஓர் அடி பின்வாங்கினார். பெரிய வெள்ளியன்று எங்கள் கரையில் ஒருவரும் கடலில் குளிப்பதில்லை. குளித்தால் மீனாகிவிடுவார்கள். இதை நம்புகிறோமா என்று கேட்டால் இல்லை என்போம். இறங்குகிறாயா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்போம்.

"இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியும்ல காவக்காரரே?"

"தெரியாமயா? அதனாலதானே காலைத் தூக்கி வெச்சிருக்கேன்." காவலர் அலை வந்து போகும் இடத்தைப் பார்த்துக் காலை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்திக்கொண்டார். "ஆனா நீங்க வெளிநாட்டுக்காரரு. வெளிநாட்டுக்காரரு இறங்கலைன்னா உள்நாட்டுக்காரருன்னு நான் எழுதியாகணும்."

"என் சம்சாரம் இறங்க மாட்டா."

"அம்மாவுக்கு வயிற்றுக் கோளாறுன்னு எழுதிக்கிறேன். பாதிப் பயணிங்களுக்கு அதுதான். ரெண்டு பேருக்கும் எழுத முடியாது, சந்தேகப்படுவாங்க."

ஃபெர்மின் மனைவியைப் பார்த்தார். அவளுக்காகத்தானே இத்தனையும். இப்போது திருப்பி அனுப்பினால் அந்த முழங்கால் அடுத்த வருடம் வருமா? சட்டையைக் கழற்றினார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"மீனாயிட்டேன்னா என்ன பண்ணுவ?"

"எந்த மீனுங்கிறதைப் பொறுத்தது," என்றாள் அவள்.

காவலர் கொடுத்த நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபெர்மின் இறங்கினார். ஐம்பது வருடமாக அந்தப் பவளத் திட்டின் மேல் வலை போட்டவர், தலையை உள்ளே விட்டுப் பார்த்தது அன்றுதான். நீலமும் மஞ்சளுமாகக் கிளிமீன்கள் பவளத்தை அரித்துக்கொண்டிருந்தன. ஒரு கடலாமை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. எடை போடாமல் மீனைப் பார்த்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அரை மணி நேரம் மிதந்தார்.

கரையேறியபோது உடம்பைத் தடவிப் பார்த்தார். செதில் முளைக்கவில்லை. ஆனால் ஏதோ முளைத்திருந்தது. மணலில் துண்டை விரித்து, தொப்பியை எடுத்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்தார். இந்த அமைதிக்காகத்தான் உலகமே விமானம் ஏறி வருகிறது என்று அவருக்குப் பட்டது.

அப்போது புகை வந்தது.

தொப்பியை விலக்கிப் பார்த்தால் தியோஃபிலோ. படகு நிறையப் பிள்ளைகுட்டிகளோடு, அட்டையும் இல்லாமல் படிவமும் இல்லாமல், முப்பத்தெட்டு வருடமாக இறங்குகிற அதே இடத்தில் இறங்கி, அடுப்புக் கூட்டியாகிவிட்டது. ஹுடுத்துக்கு வாழைக்காய் இடிக்கும் உலக்கைச் சத்தம் தீவையே அதிர வைத்தது. தேங்காய்ப்பாலில் மீன் கொதிக்கும் வாசனை. யாரோ மேளம் தட்டினார்கள். காவலர் ஏற்கெனவே தட்டோடு அங்கே போய்விட்டார். வெள்ளைக்காரத் தம்பதியும் வரிசையில் நின்றது.

"மச்சான், என்ன தொப்பி இது? புது மாப்பிள்ளை மாதிரி இருக்க. வா, ஹுடுத் ஆறுது," என்று தியோஃபிலோ கத்தினான்.

ஃபெர்மின் எழுந்து உட்கார்ந்தார். மூன்று நாள் தரையில் படுத்து, காட்டில் தன் கொல்லையையே காசு கொடுத்துப் பார்த்து, உயிரைப் பணயம் வைத்துக் கடலில் இறங்கி வாங்கிய உரிமையை, இவன் சும்மா வந்து அனுபவிக்கிறான்.

காவலரைக் கூப்பிட்டார். காவலர் விரலை நக்கிக்கொண்டே வந்தார்.

"இவங்களை எப்படி உள்ள விட்டீங்க?"

"யாரை?"

"இந்த... உள்ளூர்க்காரங்களை. நாங்க முறைப்படி வந்திருக்கோம். ஒரு மனுஷன் நிம்மதியா படுக்க முடியல. புகை, சத்தம், மீன் நாத்தம்."

மீன் நாற்றம் என்ற சொல் அந்த வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை. காவலர் சற்று யோசித்தார். பிறகு படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "குறை, கட்டாயம் எழுதணும்னு இருக்கு. வெறுமையா விட்டா செல்லாது. அந்த வெள்ளைக்காரரு யோசிச்சு யோசிச்சு, உப்பு கொஞ்சம் தூக்கல்னு எழுதியிருக்காரு. கடல்லயா குழம்புலயான்னு தெரியல."

ஃபெர்மின் எழுதினார். அவ்வளவாகப் படித்தவர் இல்லை. ஆனாலும் அன்று கை நிற்கவில்லை. கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறி மறுபக்கமும் போனது.

ஹிலாரியா எட்டிப் படித்தாள். பச்சை அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அவர் துண்டின் மேல் வைத்துவிட்டு, நொண்டி நொண்டி அண்ணனின் அடுப்படிக்குப் போனாள்.

"கொஞ்சம் நகருண்ணே. இப்படியா இடிக்கிறது, கட்டி கட்டியா கிடக்கு."

சாயங்காலம் அவள் ஊருக்குத் திரும்பியதும் தியோஃபிலோவின் படகில்தான். ஃபெர்மினின் படகில் ஃபெர்மினும் ஃபெர்மினும் மட்டும் வந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை.

பயணியர் மகிழ்ச்சி மேம்பாட்டு அலுவலகம் பதினாறு வருடத்தில் ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தது அதுதான் முதல் தடவை. ஊர்க்காரர்கள் எழுதிய மனுக்கள் அலமாரி நிறைய இருந்தன. அவை காணத்தக்கவர்கள் எழுதியவை. இது காண வந்தவர் எழுதியது. பன்னிரண்டே நாளில் கார்லைல் ஸ்லஷர் சீகிரேப் முனைப் பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி நின்றார்.

"மதிப்புக்குரிய வெளிநாட்டுப் பயணி ஒருவர் மிகுந்த மனவேதனையோடு தெரிவித்திருப்பதை முன்னிட்டு," என்று வாசித்தார், "வாணலித் தீவைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்கு உள்ளூர்ப் படகு, வலை, கூடு, அடுப்பு, உலக்கை ஆகியவை இன்று முதல் தடை செய்யப்படுகின்றன. காவல் படகு ஒன்று நிறுத்தப்படும். பயணியின் நலன் கருதி அவர் பெயர் வெளியிடப்படவில்லை."

ஊரில் பாதிப் பேர் சிங்கி இறாலுக்குக் கூடு போடுவதே அந்த ஒரு மைலுக்குள்தான்.

"அந்த வெந்துபோன கிழவன்தான்," என்றான் தியோஃபிலோ. "மூணு தட்டு தின்னான். என் பொண்டாட்டி கையைப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டுப் போனான். போய் இப்படி எழுதியிருக்கான் பாரு."

"அவங்களே அப்படித்தான்," என்றார் ஃபெர்மின்.

ஸ்லஷர் அவரைப் பார்த்தார். தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளவில்லை. மூன்று நாள் அட்டை முடிந்துவிட்டதல்லவா?

பின்வரிசையிலிருந்து ஹிலாரியா கேட்டாள். "அந்தப் பயணியோட சம்சாரம் என்ன எழுதினாங்க சார்?"

ஸ்லஷர் தாளைப் புரட்டினார். "எதுவும் எழுதல. வயிற்றுக் கோளாறுன்னு பதிவாகியிருக்கு."

"இருக்கும். அந்த ஆளோட குடும்பம் நடத்தினா வேற என்ன வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்மின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

ஸ்லஷர் போனதும் ஊர் ஒரே குரலாக எழுந்தது. எதிர்ப்பு மனு எழுத வேண்டும். அலுவலகங்களின் நெளிவுசுளிவு தெரிந்தவர், யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். அப்படி ஊரில் இருப்பது ஒரே ஆள். தியோஃபிலோவே முன்மொழிந்தான். ஃபெர்மின் மேஜை முன் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பயணிகளின் நன்றி கெட்ட குணத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினார். பொருள் கைவசம் இருந்ததால் நன்றாக வந்தது. எண்பத்து நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஹிலாரியா போடவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று முன்னமே எழுந்து போய்விட்டாள்.

கையெழுத்துப் போட்டவர்கள் உடனே கலையவில்லை. ஒவ்வொருவராக மேஜைப் பக்கம் வந்து, குனிந்து, ஃபெர்மினின் காதில் ஏதோ கேட்டுவிட்டுப் போனார்கள். மீன்கடைக்காரர் கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார். எண்பத்து மூன்று பேருக்கும் பதில் சொல்லி அவருக்குத் தொண்டை வறண்டது. கடைசியாக, பெஞ்சுகளை அடுக்கி முடித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு தியோஃபிலோ வந்தான்.

"ஏன் மச்சான், அந்தப் பச்சை அட்டை வாங்குறதுக்கு என்ன ஃபாரம்?"

"பதினொண்ணு," என்றார் ஃபெர்மின். "லிவிங்ஸ்டன்ல மூணு நாள் தங்கணும். ஆனா இங்க யார்கிட்டயும் மூச்சு விட்டுறாத. ஊர்க்காரங்க நுழைஞ்சா அந்த எடமே கெட்டுப் போயிரும்."